தே ஜாங்-கும் உருவப்படம்: நடிகையின் முகம் வருகிறது, பாத்திரம் வரவில்லை

யமுனைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். சிறு வயதில் கும்பகோணத்தில் தஞ்சாவூர் ஓவியம் பயின்றேன். நான்கு ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் உருவப்படம் தீட்டிப் பழகி வருகிறேன். ஒரே படத்தை மூன்று முறை வரைந்தும் மனம் நிறையாததால் உங்கள் ஆலோசனையை நாடி எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வரும் ஆவணியில் எழுபது வயது நிறைகிறது. கரோல்பாகில் வேலைக்கு வந்து தங்கியிருந்த தமிழ்ப் பையன்களுக்காக அவர் பல ஆண்டுகள் மெஸ் நடத்தினார். ‘தே ஜாங்-கும்’ என்ற கொரியத் தொடர் தூர்தர்ஷனில் இந்தியில் ஒளிபரப்பானபோது, இரவுச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார். அரண்மனைச் சமையலறையில் பணிக்குச் சேர்ந்து, பின்னர் பழிக்கு ஆளாகி, முடிவில் அரசருக்கே மருத்துவராகும் பெண்ணின் கதை அது. அதில் ஹான் சாங்குங் என்ற மூத்த பணிப்பெண் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் காட்சியை அம்மா இன்றும் வாய்விட்டுச் சொல்லுவார். வெறும் தண்ணீரை எத்தனை முறை கொண்டுவந்தாலும் போதாது. வயிறு எப்படி இருக்கிறது, தொண்டை வலிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெதுவெதுப்பான நீரில் துளி உப்பிட்டுக் கொடுத்தபோதுதான் அந்தப் பெரியவர் மனம் குளிர்வார். அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஜாங்-கும்மின் உருவப்படத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் படத்தைத் தொடரின் ஓர் இரவுக் காட்சியிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரைந்தேன். முகம் முழுவதும் செம்மஞ்சளாகிவிட்டது. இரண்டாவதில் கண்கள் என் கைப்பழக்கத்தின்படி அகன்று, அம்மன் படத்தில் இருப்பதைப் போல நேரே பார்த்தன. மூன்றாவது படத்துக்கு விளம்பரப் புகைப்படம் ஒன்றை மாதிரியாகக் கொண்டேன். அளவுகள் எல்லாம் சரியாக அமைந்தன. அதைப் பார்த்த என் கணவர், “அந்த நடிகையை அச்சாக வரைந்திருக்கிறாய்” என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுத்தான் என்னை உறுத்துகிறது. நான் வரைய நினைத்தது ஜாங்-கும்மை. தாளில் வந்திருப்பவர் நடிகை லீ யங்-ஏ. பாத்திரத்தை எப்படிக் கொண்டுவருவது? உடையில் நான் செய்திருக்கக்கூடிய பிழைகள் எவை? இந்த ஜூன் வெயிலில் நீர்ப்பூச்சு நொடியில் காய்ந்து விளிம்பு கட்டாமல் இருக்க என்ன செய்யலாம்? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரித்துண்டு எழுதியது:

வணக்கம், சகோதரி. தில்லியில் இருபத்தைந்து ஆண்டுகளாக உருவப்படம் கற்பித்து வருகிறேன். உங்கள் மூன்றாவது படம் பிழையானது அல்ல. நடிகையின் புகைப்படத்தைப் பார்த்து நடிகையை வரைந்தீர்கள். கை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. மாதிரியைத் தேர்ந்தெடுத்ததில்தான் குறை. விளம்பரப் படத்தில் நிற்பவர் கேமராவை அறிந்தவர். அந்த நொடியில் அவருக்கு வேறு வேலை இல்லை, எதிரில் வேறு ஆள் இல்லை. ஜாங்-கும்முக்கு 54 பகுதிகளிலும் எப்போதும் ஒரு வேலை இருக்கிறது, எதிரில் ஓர் ஆள் இருக்கிறார்.

கொரியாவை ஆண்ட ஜோசொன் அரச மரபின் காலத்து ஓவியர்கள் இந்தச் சிக்கலை மிகக் கூர்மையாக எண்ணிப் பார்த்தவர்கள். ஒரு மயிரிழை மாறினாலும் அது வேறொருவரின் படமாகிவிடும் என்பது அவர்கள் கைக்கொண்ட விதி. பெரிய அதிகாரிகளின் முகத்தில் இருந்த அம்மைத் தழும்பைக்கூட மறைக்காமல் தீட்டினார்கள். ஆனால் அத்தனை நுணுக்கமும் ஆளின் அகத்தைத் தாளில் இறக்குவதற்கான வழி என்றே அவர்கள் கருதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுன் து-சொ தீட்டிய தன்னுருவப் படத்தை அச்சிலாவது பாருங்கள். தாடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரியும். அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பார்வை நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த விதியை உங்கள் படத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜோசொன் காலத்தில் பெண்களுக்கு உருவப்படம் தீட்டுவது மிக அரிது. 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் அரசரின் ஆட்சிக் குறிப்புகளில் ஜாங்-கும் என்ற மருத்துவப் பெண்ணைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு அவற்றில் இடமில்லை. தொடரில் நாம் பார்ப்பது அந்தச் சில வரிகளிலிருந்து எழுதி வளர்த்த பாத்திரம். மயிரிழை தவறாமல் ஒப்பிடுவதற்கு உரிய முகம் என்று ஒன்று இல்லாதபோது, பாத்திரத்தின் செய்கைதான் உங்களுக்கு அளவுகோல்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா சொல்லும் தண்ணீர்க் காட்சியில் லீ யங்-ஏ இல்லவே இல்லை. அது ஜாங்-கும் சிறுமியாக இருக்கும் பகுதி. நடித்தவர் ஒரு குழந்தை. அம்மா மனத்தில் வைத்திருக்கும் நொடி ஒன்று, நீங்கள் எதிரில் வைத்து வரைந்த முகம் வேறொன்று. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று தேடினால் உங்கள் படம் கிடைத்துவிடும். என் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: கொடுப்பதற்கு முன் கேட்பவள் அவள். சிறுமியாக அதைக் கற்றுக்கொண்டாள். வளர்ந்தபின் நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போதும் அதையே செய்கிறாள். ஆகவே வளர்ந்த ஜாங்-கும்மையே வரையுங்கள், ஆனால் ஒரு கேள்வி கேட்டு முடித்துப் பதிலுக்காகக் காத்திருக்கும் நொடியில் வரையுங்கள். உதடுகள் முழுவதும் மூடியிருக்கக் கூடாது. மேலுதட்டின் நடுப்புள்ளிக்குக் கீழே ஒரு நூலளவு இருள் போதும். தலை எதிரில் இருப்பவரை நோக்கிச் சற்றே சாய வேண்டும். கண்கள் பார்ப்பவரை விட்டு, சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்க வேண்டும். கைகள் கிண்ணத்தை ஏந்தியிருக்கட்டும்; ஆனால் நீட்டிவிடக் கூடாது, இன்னும் தன் மார்புக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும்.

கண்களைப் பற்றி ஒரு சொல். தஞ்சாவூர் ஓவியத்தின் கண் பக்தரைப் பார்ப்பதற்காக அமைந்தது. அதற்கு மையிட்டாற்போன்ற முழுக்கோடு வேண்டும். இங்கே அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். கொரிய முகம் என்றவுடன் கண்ணைக் கீறலாகச் சுருக்கிவிடுவதும் நம்மவர்கள் செய்யும் பிழைதான். வேறுபாடு கண்ணின் நீளத்தில் அவ்வளவாக இல்லை. புருவத்துக்கும் இமைக்கும் நடுவே உள்ள பரப்பில் இருக்கிறது. நம் முகங்களில் அந்த இடம் உள்வாங்கி நிழல் பெறும். அங்கே அது பெரும்பாலும் மேடாக வெளிச்சம் வாங்கும். நிழலைக் குறைத்து, மேலிமையின் தடிப்பை மட்டும் ஒரு மென்மையான பட்டையாக வைத்தால் போதும்.

குருகிராம் பயணி எழுதியது:

வணக்கம். பணியின் காரணமாகக் கொரியர்களுடன் பல ஆண்டுகள் பழகியவன். ஓவியம் தெரியாது, உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். ஜொகோரி எனப்படும் மேற்சட்டையில் அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படிந்து, வலப்பக்கமாகக் கட்டப்படும். பார்க்கும் நமக்கு அது இடப்புறமாகத் தெரியும். படத்தின் அமைப்பு நன்றாக வருகிறது என்பதற்காகப் புகைப்படத்தைக் கணினியில் இடவலம் திருப்பிவிட்டு வரைபவர்கள் பலர். உடையின் மடிப்பும் உடன் திரும்பிவிடுகிறது. கொரியர் ஒருவர் படத்தில் முதலில் காண்பது அந்தத் தவறாகத்தான் இருக்கும். புடவைத் தலைப்பை வலத்தோளில் போட்டுத் தீட்டிய படத்தைப் பார்த்தால் நமக்கு எப்படி ஒட்டாதோ, அதைப் போன்றது இது.

கழுத்துப் பட்டையின் மேல் விளிம்பில் தொங்ஜொங் என்ற வெள்ளைத் துணிப் பட்டை தைத்திருக்கும். அழுக்கானால் பிரித்து மாற்றுவதற்காகவே அது தனியாக இருக்கிறது. மார்பில் முடிச்சிடும் நாடாவுக்குக் கொரும் என்று பெயர். அதில் ஒரே ஒரு வளையம்தான் வரும். பரிசுப் பொட்டலத்தில் கட்டுவதைப் போல இரண்டு காதுகள் வைத்துவிடாதீர்கள். சட்டைக் கையின் கீழ்க்கோடு நேராக இறங்காது, ஓடத்தின் அடியைப் போல வளைந்து மணிக்கட்டில் குறுகும். கிண்ணம் ஏந்திய கைகளை வரைவதாக இருந்தால் அந்த வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

தலைமுடியும் அவள் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்பதைச் சொல்லும். பயிற்சியில் இருக்கும் சிறுமிகள் பின்னலை மடித்துச் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள். பயிற்சி முடிந்து சடங்கு நடந்தபின் முழுப் பணிப்பெண்ணாகிக் கொண்டையிட்டுப் பின்யோ என்ற ஊசியைச் செருகுவார்கள். அந்தச் சடங்கு ஏறக்குறையத் திருமணத்துக்கு ஒப்பானது. மருத்துவப் பெண்ணாக வரைவதாக இருந்தால் தலைமேல் மடித்துப் போட்ட கரிமா என்ற கறுப்புத் துணி வேண்டும். கரித்துண்டு ஐயா சொன்ன நொடிக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் கரிமாவையும் சமையலறை உடையையும் ஒரே படத்தில் கலந்துவிட வேண்டாம்.

இணையத்தில் தேடினால் சின் யுன்-போக் தீட்டிய அழகியின் படம் உடனே வந்து நிற்கும். மிகச் சிறந்த ஓவியம்தான். ஆனால் அதில் காணும் குட்டையான, இறுக்கமான ஜொகோரி பிற்காலத்து வழக்கம். ஜாங்-கும் வாழ்ந்த 16-ஆம் நூற்றாண்டில் மேற்சட்டை நீளமாகவும் தளர்வாகவும் இருந்தது. லஜ்பத் நகரில் கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. ஹான்போக் என்ற கொரிய மரபு உடையை நேரில் பார்க்க முடியுமா என்று அங்கே ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். துணி எந்த இடத்தில் விறைத்து நிற்கிறது என்பது திரையில் தெரியாது.

காகிதமும் நீரும் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரித்துண்டு அவர்களின் கருத்தில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இந்தப் படம் ஓவியர்களுக்காகத் தீட்டப்படுவது அன்று. எழுபது வயது அம்மா சுவரில் மாட்டி நாள்தோறும் பார்க்கப்போவது. அவருக்கு ஜாங்-கும் என்றால் லீ யங்-ஏயின் முகம்தான். அந்தச் சாயலை முற்றிலும் கரைத்துவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக வந்தாலும், “இது யார்?” என்று அவர் கேட்கக்கூடும். பரிசு கொடுக்கும் நாளில் அந்தக் கேள்வி வரக் கூடாது. முகவாயின் வடிவம், நெற்றியின் அகலம், நடுவகிடு ஆகிய மூன்றையும் நடிகையிடமிருந்தே எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள் என்பேன்.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். இரவுக் காட்சியில் முகம் செம்மஞ்சளாக வந்ததற்குக் காரணம், விளக்கின் நிறத்தைத் தோலின் நிறம் என்று கண் நம்பிவிட்டதுதான். மேலே நண்பர் சொன்ன வெள்ளைத் தொங்ஜொங் இங்கே உங்களுக்குப் பெரிய உதவி. அது வெள்ளைத் துணி என்று நமக்கு உறுதியாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பட்டை என்ன நிறமாகத் தெரிகிறதோ, அதுதான் அந்த அறையின் விளக்கு நிறம். ஒரு துண்டுத்தாளில் அந்த நிறத்தைத் தனியாகக் கலந்து பூசி வையுங்கள். முகத்தில் எவ்வளவு விளக்கினுடையது, எவ்வளவு தோலினுடையது என்பது பிடிபட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் வரைய முடிவு செய்தால், மஞ்சள் காவியை மிகவும் நீர்த்து முதல் பூச்சாக இட்டு, அது முற்றிலும் காய்ந்தபின் கன்னம், மூக்கு நுனி, காதுமடல் ஆகிய இடங்களில் மட்டும் மெல்லிய ரோஜாச் சிவப்பை ஏற்றுங்கள். நிழலுக்குப் பழுப்பைத் தொடாதீர்கள். இலேசான பச்சை கலந்த சாம்பல் நிறமே முகவாய்க்கு அடியில் நன்றாக நிற்கும். ஜொகோரி பச்சையாக இருந்தால் அதன் பிரதிபலிப்பும் அங்கேதான் விழும். முடிக்குக் குப்பிக் கறுப்பு வேண்டாம். அவுரி நீலத்தையும் அடர்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். நெற்றியோரத்தில் முடி தொடங்கும் கோட்டை ஈரம் இருக்கும்போதே நீர்த் தூரிகையால் நெகிழ்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் தொப்பி போட்டதைப் போலத் தோன்றும்.

பூச்சு உடனே காய்ந்துவிடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இருபுறமும் நன்றாக நனைத்து, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டவைத்து வேலை செய்யுங்கள். கீழே ஈரம் தங்குவதால் மேல்பரப்பு நெடுநேரம் காயாமல் இருக்கும். விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு முகத்தை முடித்துவிட வேண்டும்; பத்து மணிக்குமேல் துணி மடிப்புகளைச் செய்யலாம், அங்கே விளிம்பு கட்டினாலும் அழகுதான்.

பட்டில் வரையலாமா என்று பின்னால் நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜோசொன் ஓவியர்கள் பட்டின் பின்புறத்திலும் நிறத்தை ஏற்றி, முன்பக்கத்தில் அது இழைகளின் வழியே கசிந்து தெரியுமாறு செய்தார்கள். தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவதைப் போன்ற அந்த மென்மையை முன்புறப் பூச்சால் மட்டும் கொண்டுவருவது கடினம். ஆனால் படிகாரமும் பசையும் கலந்த கரைசலைப் பூசிப் பட்டைப் பதப்படுத்த வேண்டும். அதில் கை பழகவே மாதங்கள் பிடிக்கும். ஆவணிக்குள் முடிக்க வேண்டிய படத்தில் அதைச் சோதிக்க வேண்டாம்.

கரித்துண்டு எழுதியது:

காகிதமும் நீரும் அவர்கள் சொன்னது நியாயமானது; ஏற்றுக்கொள்கிறேன். படத்தைப் பெறுபவர் யார் என்பதை நான் போதிய அளவு எண்ணவில்லை. முகத்தின் எலும்பமைப்பு நடிகையுடையதாகவே இருக்கட்டும். ஆனால் வாயையும் கைகளையும் தயவுசெய்து திரையிலிருந்து எடுக்காதீர்கள். உயிருள்ள ஒருவரைக் கிண்ணம் ஏந்தச் செய்து வரையுங்கள். கனமுள்ள பாத்திரத்தில் நீர் நிரம்பியிருக்கும்போது விரல்கள் அழுந்தும் விதத்தை நேரில் பார்த்துத்தான் அறிய முடியும். வெற்றுக் கிண்ணத்தை ஏந்தினால் அது விரல்களிலேயே தெரிந்துவிடும்.

நேரம் கிடைத்தால் தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில், அம்ரிதா ஷேர்-கில் 1935-இல் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தைப் பாருங்கள். அந்த மூவரில் ஒருவர்கூட நம்மைப் பார்ப்பதில்லை. உடையில் நகையோ பூவேலையோ ஏறக்குறைய இல்லை, பரந்த நிறப்பரப்புகள்தான். ஆயினும் மூவரும் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. தாழ்ந்த பார்வையை வரைவதற்கு இந்த ஊரில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

யமுனைக்கரை எழுதியது:

உங்கள் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில் எழுதப் பத்து நாள்கள் ஆகிவிட்டன; அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மூன்றாவது படத்தை எடுத்துப் பார்த்தபோது கழுத்துப் பட்டை மாறித்தான் படிந்திருந்தது. விளம்பரப் புகைப்படத்தை நான்தான் திருப்பியிருந்தேன். கொருமிலும் இரண்டு வளையங்கள் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பட்டையை வைத்து விளக்கின் நிறத்தைப் பிரிக்கும் வழியை முதல் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் சோதித்தேன். நான் வெள்ளை என்று எண்ணியிருந்த பட்டை அதில் முற்றிய மாம்பழ நிறமாக இருந்தது. அத்தனை மஞ்சளையும் நான் முகத்தில் பூசியிருக்கிறேன்.

வாய்க்கு யாரை மாதிரியாகக் கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகன் வெயிலில் விளையாடிவிட்டு வந்து பாட்டியிடம் மோர் கேட்டான். அம்மா டம்ளரை நிரப்பி எடுத்து வந்தவர், அதைக் கொடுக்காமல் நின்று, “காலையில வயிறு சரியா இருந்துதா?” என்று கேட்டார். மெஸ்ஸில் சாப்பிட வந்த ஒவ்வொரு பையனிடமும் ரசம் ஊற்றுவதற்கு முன் அவர் இப்படித்தான் கேட்பார்; நான் சிறுமியாக இருந்தபோது அது எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் பதில் சொல்லும் வரை டம்ளர் அவருடைய மார்புக்கு அருகிலேயே இருந்தது. மேலுதட்டுக்குக் கீழே கரித்துண்டு ஐயா எழுதிய அதே நூலளவு இருளும் இருந்தது. பக்கத்தில் கிடந்த மின்கட்டண உறையின் பின்புறத்தில் அந்த வாயையும் இரண்டு கைகளையும் கோட்டோவியமாக எடுத்துவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டார். கைப்பழக்கத்துக்கு என்று மட்டும் சொன்னேன்.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குத் தாளை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். நெற்றி, முகவாய், நடுவகிடு ஆகியவை லீ யங்-ஏயினுடையவை. வாயும் கைகளும் அம்மாவுடையவை. கொண்டையும் பின்யோவும் வைத்து, சமையலறைப் பணிப்பெண்ணாகவே வரைகிறேன். கரிமா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முகத்தின் இரண்டு பூச்சுகள் விளிம்பு கட்டாமல் காய்ந்திருக்கின்றன. கணவரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இவள் யாரிடம் என்ன கேட்கிறாள்?” என்றார். ஜொகோரியின் பச்சையை நாளை தொடங்குகிறேன். படம் முடிந்ததும் இங்கே பதிவிடுகிறேன். சட்டைக் கையின் கீழ்வளைவைக் குருகிராம் நண்பர் பார்த்துச் சொல்ல வேண்டும்.